ஒரே நிரல், ஐந்து வகைச் செயலி: படுவான்கரை நீர்மட்ட நிலையங்களுக்கு லினக்ஸ் தெரிந்தெடுத்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை எனப்படும் வெல்லாவெளி, மண்டூர்ப் பக்கத்திலும், தெற்கே அம்பாறை மாவட்டத்தின் சம்மாந்துறைப் பக்கத்திலும் வாய்க்கால்களிலும் மதகுகளிலும் நிற்கும் ஒன்பது நீர்மட்ட நிலையங்களைப் பற்றியது இந்தப் பதிவு. சில விவசாய அமைப்புகளுக்காக மூன்று பேர் கொண்ட ஒரு தொழில்நுட்பக் குழு 2022இல் இவற்றை அமைத்தது. வட்டவிதானை (வயல்களுக்கு நீர் பங்கிடுவதைக் கவனிப்பவர்) காலையும் மாலையும் போய்ப் பார்க்கும் அளவுகோலின் வேலையை நிலையம் 10 நிமிடத்துக்கு ஒரு தடவை செய்து, கைத்தொலைபேசி வலையமைப்பு வழியாக அலுவலகக் கணினிக்கு அனுப்ப வேண்டும். கேட்கப்பட்டது அவ்வளவுதான்.

2022இல் டொலர் தட்டுப்பாடும் இறக்குமதிக் கட்டுப்பாடும் இருந்தன. உலகளவில் சிப் தட்டுப்பாடு வேறு. ஒரே மாதிரியான ஒன்பது போர்டு வாங்க வழியில்லை. கிடைத்தவற்றை வாங்கியதில் சேர்ந்தது இது: ராஸ்பெரி பை சீரோ டபிள்யூ நான்கு, ஒரேஞ்ச் பை சீரோ இரண்டு, எம்டி7628 சிப் உள்ள சிறு ரவுட்டர் இரண்டு, ஏஆர்9331 சிப் உள்ள பழைய ரவுட்டர் ஒன்று. அலுவலகத்தில் 32 பிட் எக்ஸ்86 தின் கிளையன்ட் (சிறிய மேசைக் கணினி) ஒன்று.

செயலிக் (புராசசர்) கணக்கில் இவை ஐந்து வகை. பை சீரோ ஏஆர்எம் வி6. ஒரேஞ்ச் பை சீரோ ஏஆர்எம் வி7. எம்டி7628 சின்ன முனை முதலில் வரும், அதாவது பல பைட் எண்ணின் சிறிய பகுதியை முதலில் வைக்கும் மிப்ஸ். ஏஆர்9331 பெரிய முனை முதலில் வரும் மிப்ஸ். தின் கிளையன்ட் எக்ஸ்86. நினைவகம் 64 மெகாபைட்டிலிருந்து 1 கிகாபைட் வரை. ரவுட்டர்களில் ஃபிளாஷ் 16 மெகாபைட் மட்டுமே.

ஒவ்வொன்றிலும் அதனதன் வழக்கமான இயங்குதளமே ஓடியது: ராஸ்பெரி பை ஓஎஸ், ஆர்ம்பியன், ரவுட்டரோடு வந்த ஃபர்ம்வேர், டெபியன். பை போர்டுகளில் பைத்தானில் எழுதிய நிரல், ஜிபிஐஓ (பொது உள்ளீட்டு வெளியீட்டு) ஊசிகளில் மீயொலி உணரி. ரவுட்டர்களில் சியில் எழுதிய வேறு நிரல், யூஎஸ்பி–ஆர்எஸ்485 (நீளக் கம்பியில் தரவு அனுப்பும் தொடர் இணைப்பு) மாற்றி வழியாக அழுத்த உணரி. மின்சாரம் எல்லா இடத்திலும் 20 வாட் சோலார் பனலும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி ஈய அமிலப் பற்றரியும்.

2024 மாரியில் கண்டவை

2024 நவம்பர் இறுதி வெள்ளத்தில், தகவல் மிகவும் தேவைப்பட்ட வேளையில், பல நிலையங்கள் அடுத்தடுத்துப் பேசாமல் போயின. வெள்ளம் வடிந்தபின் கழற்றிக் கொண்டுவந்து பார்த்ததில் பழுதுகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை போலத் தெரிந்தன. ஒரே வேலையைச் செய்யும் ஒன்பது கருவிகள் ஒன்பது விதமாகப் பராமரிக்கப்பட்டதே பொதுக் காரணம்.

முதலில் மின்சாரம். பை சீரோவும் அதற்குக் கைத்தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் டொங்கிளும் சேர்ந்து ஏறத்தாழ 2 வாட் எடுக்கும். 84 வாட்-மணிப் பற்றரியில் பாதியைத்தான் நம்பலாம் என்றால் 21 மணிநேரம். வடகீழ்ப் பருவத்தில் இரண்டு நாள் தொடர்ந்து இருட்டாக இருந்தால் விடியற்காலையில் மின்கட்டுப்படுத்தி தானாகவே இணைப்பைத் துண்டிக்கும். வெயில் பட்டதும் மறுபடி கொடுக்கும். எஸ்டி அட்டையில் எழுதக்கூடிய நிலையில் ரூட் கோப்பமைப்பு (இயங்குதளம் இருக்கும் முதன்மைக் கோப்பமைப்பு) இருந்த போர்டுகள் இந்தத் துண்டிப்பில்தான் விழுந்தன. அந்தக் கோப்பமைப்பு வகையான எக்ஸ்ட்4இன் ஜர்னல் (மாற்றங்களின் முன்பதிவேடு) கோப்பமைப்பின் கட்டமைப்பைக் காக்கும். அட்டைக்குள் இருக்கும் கட்டுப்படுத்தி தன் பாட்டில் தொகுதிகளை இடம் மாற்றிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், அந்த நேரத்தில் எழுதப்படாத கோப்பும் கெடலாம். அதற்கு ஜர்னலால் ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டாவது, கடிகாரம். இந்தப் போர்டுகளில் பற்றரிக் கடிகாரம் இல்லை. மின்சாரம் வந்து, வலையமைப்பு வராத இடைவெளியில் எடுத்த அளவுகள் முந்தைய தேதியோடு பதிவாகி, வரைபடத்தில் வெள்ளம் நேற்றே வந்ததுபோல் காட்டின.

மூன்றாவது, செயலி வேறுபாடு. ஒரேஞ்ச் பையில் தொகுத்த (கம்பைல் செய்த) சிறு கருவியை அப்படியே பை சீரோவுக்கு நகலெடுத்தபோது ‘சட்டவிரோதக் கட்டளை’ என்று நின்றது. டெபியனில் ஏஆர்எம்ஹெச்எஃப் என்ற 32 பிட் ஏஆர்எம் பொதி வகை ஏஆர்எம் வி7ஐக் குறைந்தபட்சமாகக் கொண்டது. ராஸ்பெரி பை ஓஎஸ்ஸின் 32 பிட் பதிப்பும் அதே பெயரைத்தான் பயன்படுத்துகிறது, ஆனால் வி6க்குத் தொகுக்கப்பட்டது. பெயர் ஒன்றாக இருப்பதால் மென்பொருள் பொதிகளை நிறுவும் பொதி மேலாளரும் தடுக்காது. ரீட்எல்ஃப் கருவியில் கட்டமைப்புப் பண்புகளைக் கேட்டால் வி6, வி7 வேறுபாடு ஒரு வரியில் தெரியும். நகலெடுக்கும் முன் அதைப் பார்ப்பது வழக்கமாக இருக்கவில்லை.

ஏஆர்9331 ரவுட்டரின் கோளாறு இன்னும் விசித்திரமானது. அந்த நிலையத்தின் நீர்மட்டம் 57,860 மில்லிமீட்டர் என்று அலுவலகத்தில் பதிவானது. வயல் வாய்க்காலில் 57 மீட்டர் ஆழம்! நிரல் நினைவகத்தில் இருந்த தரவு அமைப்பை அப்படியே பைட்டுகளாக அனுப்பியது. அனுப்பியது பெரிய முனைச் செயலி, வாசித்தது சின்ன முனைச் செயலி. உண்மை மட்டமான 1,250ஐ உருவாக்கும் இரண்டு பைட்டுகளை இடம் மாற்றினால் வருவது சரியாக 57,860. மற்ற நான்கு செயலிகளும் சின்ன முனையாக இருந்ததால் இது நெடுநாள் ஒளிந்திருந்தது.

அதே வகையைச் சேர்ந்த இன்னொன்று: உணரி பதில் தராவிட்டால் −1 என்று ஒரு கேர் (ஒரு பைட்) மாறியில் வைத்து, பூச்சியத்துக்குக் குறைவா என்று பார்க்கும் வரி. எக்ஸ்86இலும் மிப்ஸிலும் கேர் குறியுடையது, எதிர் எண்ணையும் ஏற்கும். ஏஆர்எம் லினக்ஸில் குறியற்றது. அங்கே −1 என்பது 255 ஆகிவிடும், நிபந்தனை ஒருநாளும் நிறைவேறாது. அலுவலகக் கணினியில் சோதித்தபோது பிழை தெரியாததற்குக் காரணம் அதுதான்.

தெரிவுகளை எடைபோட்டது

2025 தொடக்கத்தில் குழு எடுத்த முதல் முடிவு, ஒன்பது நிலையங்களிலும் ஒரே லினக்ஸ் வினியோகம் (டிஸ்ட்ரிபியூஷன்) என்பது. நிபந்தனைகள் நான்கு: ஐந்து செயலியில் களத்தில் உள்ள நான்கிலுமாவது அதிகாரபூர்வப் பொதிகள் இருக்க வேண்டும்; ரூட் வாசிக்க மட்டும் ஆனதாக இருக்க வேண்டும்; 16 மெகாபைட்டில் அடங்க வேண்டும்; மூன்று பேரில் இருவர் போய்விட்டாலும் மிஞ்சிய ஒருவரால் புதிய படிமம் (கருவியில் அப்படியே எழுதும் முழு இயங்குதளக் கோப்பு) செய்ய முடிய வேண்டும். கடைசி நிபந்தனை மற்றவற்றை விடக் கடுமையாக வடிகட்டியது.

டெபியன் விரைவில் கழிந்தது. 16 மெகாபைட்டுக்கு அது பொருந்தாது; மேலும் 2025 ஓகஸ்டில் வெளிவந்த டெபியன் 13இல் 32 பிட் மிப்ஸ் இல்லை, 32 பிட் எக்ஸ்86க்கு நிறுவியோ இயங்குதளக் கருவான கர்னலோ இல்லை. அந்தப் போக்கு ஆண்டுத் தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது.

அல்பைன்தான் எல்லாருக்கும் பிடித்திருந்தது. நினைவகத்தில் ஏறி ஓடும் அதன் வட்டில்லா முறை இந்த மின்வெட்டுக்கென்றே செய்ததுபோல இருக்கும்: அட்டை வாசிக்க மட்டும், மாற்றங்கள் ஒரு சிறு சுருக்கக் கோப்பில். அதன் ஏஆர்எம்ஹெச்எஃப் உண்மையில் வி6க்கானது, ஆகவே பை சீரோவில் ஓடும்; வி7க்குத் தனிக் கிளை உண்டு; 32 பிட் எக்ஸ்86உம் உண்டு. 32 பிட் மிப்ஸ் கிடையாது. மூன்று ரவுட்டருக்கும் வேறு ஏதாவது வேண்டும் என்றால் பழைய கதைதான்.

யொக்டோ எந்தச் செயலிக்கும் படிமம் செய்யும், ஆனால் அதன் ஆவணங்களே கட்டுமானத்துக்குப் பல பத்து கிகாபைட் வட்டு இடம் கேட்கின்றன. அடுக்குகளும், அதன் கட்டுமானக் கருவியான பிட்பேக்கின் விதிகளும் கற்கவே ஒருவர் முழுநேரமாக வேண்டும். மூன்று பேர் குழுவுக்கு இது ஏற்றதல்ல.

பில்ட்ரூட் கடைசி வரை போட்டியில் இருந்தது. ஒவ்வொரு போர்டுக்கும் ஓர் உள்ளமைவுக் கோப்பு, ஒரே கட்டளை, சின்னப் படிமம். ஆனால் அதில் பொதி மேலாளர் இல்லை. உள்ளமைவில் சில மாற்றங்களுக்கு முழுவதையும் மறுபடி தொகுக்க வேண்டும். நான்கு செயலிக்கு நான்கு கருவித்தொகுதி. மென்பொருளின் மூலக்கோப்புகளை டேட்டாவில் இறக்கி, ஒரு மடிகணினியில் இரவெல்லாம் தொகுப்பது நடக்கக்கூடியதுதான். பாதுகாப்புத் திருத்தம் வரும் ஒவ்வொரு தடவையும் அதைச் செய்வார்களா என்பதே கேள்வி. செய்யமாட்டார்கள் என்று குழு தன்னைப் பற்றியே முடிவு செய்தது. அந்த நேர்மை பயன்பட்டது.

மிஞ்சியது ஓப்பன்டபிள்யூஆர்டி. ரவுட்டருக்கான வினியோகம் என்ற எண்ணத்தால் பை போர்டுகளுக்கு அதை யாரும் முதலில் நினைக்கவில்லை. பட்டியலைப் பார்த்தால் பை சீரோ, ஒரேஞ்ச் பை சீரோ, எம்டி7628, ஏஆர்9331, 32 பிட் எக்ஸ்86 ஐந்துமே அதில் இருக்கின்றன. ஸ்குவாஷ்எஃப்எஸ் என்னும் சுருக்கிய கோப்பமைப்பில் உள்ள ரூட் மாற்ற முடியாதது. மேலே எழுதக்கூடிய மெல்லிய அடுக்கு. அடுக்கு கெட்டால் அழித்து ஆரம்ப நிலைக்கு வரலாம். எல்லாவற்றையும் விட, இமேஜ் பில்டர் என்னும் கருவி எதையும் தொகுக்காமல், ஏற்கெனவே தொகுத்த பொதிகளைச் சேர்த்துச் சில நிமிடத்தில் படிமம் தரும். பொதிப் பட்டியல் ஒன்றே. இலக்குப் பெயர் மட்டும் மாறும்.

நிலையங்கள் அனைத்துக்கும் ஓப்பன்டபிள்யூஆர்டி 24.10, அலுவலகத் தின் கிளையன்டுக்கு அல்பைன் 3.21 என்று முடிவானது. இரண்டும் மசில் என்னும் சி மொழி நூலகத்தை அடிப்படையாகக் கொண்டவை. மசில் 1.2 முதல் 32 பிட் செயலியிலும் நேரம் 64 பிட்டாக இருப்பதால், 2038 ஜனவரி 19இல் 32 பிட் நேர எண் நிரம்பிக் கடிகாரம் பழைய தேதிக்கு உருளும் சிக்கல் இரண்டிலும் இல்லை. வாய்க்காலில் வைத்த பெட்டி அதுவரை இருக்குமா என்று சிரிக்கலாம். பதினைந்து வருடம் ஓடும் பம்புக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைப் பார்த்தவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

செய்த மாற்றங்கள்

வினியோகத்தைத் தொடும் முன் உணரியை ஒன்றாக்கினார்கள். மீயொலி உணரியில் 1 சென்டிமீட்டர் என்பது போய்வர 58 மைக்ரோவினாடி. பைத்தான் வேறு வேலைக்குத் திரும்பும் நேரமே அதைவிட அதிகம். ஜிபிஐஓ ஊசி எண்களும் அதற்கான நூலகமும் போர்டுக்குப் போர்டு வேறு. ஆகவே எல்லா இடத்திலும் ஆர்எஸ்485இல் மொட்பஸ் நெறிமுறையில் பேசும் அழுத்த உணரி, சிஹெச்340 சிப் உள்ள யூஎஸ்பி மாற்றி, நீளக் கம்பியின் கடைசி முனையில் 120 ஓம் தடை. யூஎஸ்பி தொடர் துறை எந்தச் செயலியிலும் ஒரே மாதிரித்தான் தெரியும். நிரலை எல்லாச் செயலியிலும் ஓடவைக்கும் வேலையில் பாதி இங்கேயே முடிந்தது என்று சொல்லலாம்; இயங்குதளம் தெரிவு செய்வதற்கு முன்னால் செய்ய வேண்டியதும் இதுவே.

பைத்தானை விட்டு நிரல் முழுவதும் சியில் எழுதப்பட்டது. குறியுள்ள, குறியற்ற முழுவெண்கள் எல்லாம் அளவு குறிப்பிட்ட வகைகளில். ஒரு பதிவு 16 பைட்: நேரம் 8, நிலைய எண் 2, மட்டம் 2, பற்றரி மின்னழுத்தம் 2, சரிபார்ப்பு 2. ஒவ்வொரு எண்ணும் பெரிய முனை முதலாக, பைட் பைட்டாகப் பெயர்த்து எழுதப்படும். அமைப்பை அப்படியே எழுதுவது தடை. மொட்பஸில் பதிவேட்டு மதிப்பு பெரிய பைட் முதலிலும், சரிபார்ப்பு எண்ணான சிஆர்சி சின்ன பைட் முதலிலும் வருவதைக் கவனிக்காதவர்கள் இந்த இடத்தில் ஒரு நாளைத் தொலைப்பார்கள். ஒரு நாளுக்கு 144 பதிவு, 2,304 பைட். வலையமைப்பு இல்லாத நேரத்தில் இவை மணிக்கு ஒரு தடவை மட்டும் ஃபிளாஷில் எழுதப்படும். மற்ற எல்லாப் பதிவுகளும் நினைவகத்தில்.

நிரலை ஒவ்வொரு இலக்கின் எஸ்டிகே (அந்த இலக்குக்கான தொகுப்புக் கருவிகள்) கொண்டு நிலையான இணைப்பில், அதாவது நூலகங்களையும் நிரலுக்குள்ளேயே சேர்த்து, தொகுத்தார்கள். இல்லாவிட்டால் ஏற்படும் குழப்பம் தெரிந்ததே: வழக்கமான சி நூலகமான ஜிலிப்சியில் தொகுத்த நிரலை மசில் கணினியில் ஓட்டினால், கோப்பு கண்முன்னே இருக்க ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று பதில் வரும். இல்லாதது நிரல் அல்ல, அது தேடும் ஏற்றி.

சோதனைக்கு, வேறு செயலிக்கான நிரலை மடிகணினியில் ஓட்டிக்காட்டும் கியூஎம்யூவின் பயனர் முறை. இதில் ஒரு பொறி உண்டு. ஏஆர்எம்முக்குச் செயலி பெயர் சொல்லாமல் விட்டால் கியூஎம்யூ தனக்குத் தெரிந்த எல்லாக் கட்டளையையும் ஏற்கும். வி7 நிரல் தாராளமாக ஓடும், பை சீரோவில் போய்த்தான் நிற்கும். பை சீரோவின் செயலியான ஏஆர்எம்1176 என்று வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். பெரிய முனை மிப்ஸும் சோதனையில் கட்டாயம். களத்தில் ஒரே ஒரு கருவிதான் அந்த வகை என்றாலும், பைட் வரிசைப் பிழையைக் காட்டிக்கொடுப்பது அதுவே.

படிமத்தில் சேர்த்தவை: சிஹெச்341 யூஎஸ்பி தொடர் கர்னல் கூறு (சிஹெச்340ஐயும் இயக்குவது இதுவே), டொங்கிளுக்கான யூஎஸ்பி வலைக் கூறுகள், அளவுகளை அலுவலகத்துக்கு அனுப்பும் மொஸ்கிட்டோ மென்பொருள், நேர ஒத்திசைவு, குழுவின் நிரல். ஏஆர்எம் போர்டுகளுக்கு மட்டும் டிஎஸ்3231 கடிகாரக் கூறு. பற்றரியில் இருக்கும்போது அது ஆண்டுக்கு ஒரு நிமிடம் அளவே பிசகும். சந்தையில் கிடைக்கும் நீலநிற இசட்எஸ்-042 கடிகாரப் பலகையில் மின்னேற்றச் சுற்று ஒன்று இருக்கிறது. அதில் மின்னேற்ற முடியாத சிஆர்2032 போட்டால் செல் வீங்கும்; 200 ஓம் தடையைக் கழற்றிவிட்டே பொருத்தினார்கள். ரவுட்டர்களில் கடிகாரம் பொருத்த வசதியில்லை. அங்கே நேரம் ஒத்திசையும் வரை நிரல் ‘இயங்கத் தொடங்கியதிலிருந்து இத்தனை வினாடி’ என்று பதிந்து, நேரம் கிடைத்தபின் திருத்தும். அதற்குள் மின்சாரம் போனால் அந்தப் பதிவுகள் வீசப்படும். தவறான தேதியை விட இடைவெளி மேல் என்பது அவர்கள் கருத்து. வெள்ள நேரத்தில் இது சரியான கருத்தே.

ஒரேஞ்ச் பை சீரோவின் எக்ஸ்ஆர்819 வைஃபை சிப்புக்கு மூலக் கர்னலில் இயக்கி இல்லை. அதைத் துரத்தாமல் ஈதர்நெட் கம்பியால் டொங்கிள் ரவுட்டரோடு இணைத்துவிட்டார்கள்.

களத்தில் தடுக்கியவை

மாற்று வேலை 2025 சிறுபோகத்தில், வாய்க்கால் ஓரம் கால் வைக்கக்கூடிய மாதங்களில் நடந்தது. யானை நடமாட்டத்தால் வெல்லாவெளிப் பக்கம் பிற்பகல் 4 மணிக்குமேல் நிற்கக் கூடாது என்று விவசாயிகள் சொல்லியிருந்தார்கள். ஆகவே வீட்டிலேயே எழுதி முடித்த அட்டையைக் களத்தில் சொருகுவது மட்டும் என்பது விதி.

முதல் பை சீரோ சொருகியவுடன் மௌனம். ஓப்பன்டபிள்யூஆர்டியில் வைஃபை ஆரம்பத்தில் அணைந்திருக்கும்; பை சீரோவுக்கு ஈதர்நெட் இல்லை. உள்ளே போக வழியே இல்லை. 115200 வேகத் தொடர் கம்பியை ஜிபிஐஓ 14, 15இல் கொடுத்துத்தான் பிடித்தார்கள். அதன்பின் முதல் தொடக்கத்தில் ஓடும் சிறு கட்டளைக் கோப்பு, வைஃபையை இயக்கி நிலையப் பெயரையும் எழுதும்படி, படிமத்துக்குள்ளேயே வைக்கப்பட்டது.

கர்னல் கூறு ஒன்றைக் களத்தில் நின்று நிறுவ முயன்றபோது பதிப்பு பொருந்தவில்லை என்று மறுத்தது. கூறுகள் அந்தந்தக் கர்னல் கட்டுமானத்தோடு இறுகக் கட்டப்பட்டவை. அன்றாடக் கட்டுமானப் படிமத்தைப் போட்டால் அடுத்த கிழமை அதற்கான கூறுகள் களஞ்சியத்தில் இருக்காது. நிலைப்பதிப்பு மட்டுமே, தேவையான கூறெல்லாம் படிமத்துக்குள்ளே என்பது அன்றைக்கே எழுதப்பட்ட விதி.

ஒரு ரவுட்டரின் அமைப்புக் காப்பை ஒரேஞ்ச் பைக்கு அப்படியே மீட்டபோது வலையமைப்பு செத்தது. ஓப்பன்டபிள்யூஆர்டியின் யூசிஐ உள்ளமைவு எல்லாச் செயலிக்கும் ஒரே மொழி என்பது உண்மை. ஆனால் வலைத் துறைகளின் பெயரும், வைஃபை வன்பொருளின் பாதையும் போர்டுக்கே உரியவை. பொதுக் காப்பிலிருந்து வலையமைப்பு, வைஃபை இரண்டு கோப்பும் நீக்கப்பட்டன.

பின்விளைவு

மின்துண்டிப்பு குறையவில்லை, பற்றரி அதேதான். கோப்பமைப்புக் கெட்டதால் எழும்பாமல் போன நிலையம் மாற்றத்துக்குப் பிறகு இல்லை. ஒரு பை சீரோவின் அட்டை மட்டும் எழுத மறுக்கும் நிலைக்குப் போனது. அப்போதும் நிலையம் ஓடியது. வலையமைப்பு இல்லாத நேரத்துப் பதிவுகள்தான் சேரவில்லை. குருமண்வெளிப் பாதை (வாவியைக் கடக்கும் மிதவைப் படகு) ஓடாத நாள் அது. மண்டூர்ப் பக்கத்து விவசாய அமைப்பின் செயலாளரிடம் முன்கூட்டியே கொடுத்துவைத்த அட்டையை அவரே சொருகினார். நிலைய எண்ணை மட்டும் தொலைபேசியில் கேட்டு அலுவலகத்திலிருந்து மாற்றினார்கள்.

பெரிய முனை ரவுட்டர் இப்போது மற்றவற்றைப் போலவே சரியான மட்டத்தைக் காட்டுகிறது. நிரல் மூலம் ஒன்று. பொதிப் பட்டியல் ஒன்று, அதில் இலக்குக்கு இலக்கு இரண்டு மூன்று வரி வேறுபாடு. புதிய படிமத் தொகுதி செய்வது ஒரு மாலை வேலையாகிவிட்டது.

தொலைவிலிருந்து இயங்குதள மேம்பாடு செய்வது மட்டும் நம்பிக்கையாக இல்லை. இந்த ரவுட்டர்களில் படிமம் ஒன்றுக்கே இடம். எழுதும்போது மின்சாரம் போனால் பின்னோக்கிப் போக வழியில்லை. மீளமைப்புப் பொத்தானை அழுத்திக்கொண்டு மின்சாரம் கொடுத்தால் 192.168.1.1இல் திறக்கும் மீட்புப் பக்கம் ஒன்றே கதி, அதற்கு ஆள் அங்கே நிற்க வேண்டும். ஆகவே மேம்பாடு ஆண்டுக்கு ஒரு தடவை, சிறுபோகத்தில், நேரில்.

மறுபடி செய்தால் மாற்ற வேண்டியவை

உணரியை ஒன்றாக்குவதும் பதிவின் பைட் அமைப்பைத் தீர்மானிப்பதும் 2022லேயே நடந்திருக்க வேண்டும். போர்டு கிடைக்காத காலத்தில் அதுதான் மிக அவசியமாக இருந்தது. பற்றரி குறைந்தது 18 ஆம்பியர்-மணியாக இருந்திருந்தால் இந்தப் பழுதுகளில் பாதி தெரிந்திராது. அதனால்தான் குழு மென்பொருளை முதலில் சரிசெய்தது. பற்றரியை இனித்தான் மாற்றப்போகிறது.

வினியோகத்தைத் தெரிவு செய்யும்போது ‘ஆதரிக்கும் செயலிகள்’ பட்டியலோடு நிறுத்தாமல், தேவையான ஒவ்வொரு பொதியும் ஒவ்வொரு செயலிக்கும் களஞ்சியத்தில் உண்மையாகவே தொகுக்கப்பட்டு இருக்கிறதா, போர்டின் தொடக்க ஏற்றியும் (பூட்லோடர்) சாதன மரமும் (வன்பொருள் விவரக் கோப்பு) யார் கையில் என்று முதல் நாளே அட்டவணையாக எழுத வேண்டும். குழு இதை அல்பைனைப் பாதி நிறுவிய பின்தான் செய்தது.

அடுத்து வாங்குவது இரண்டு படிமத்துக்கு இடமுள்ள, 64 பிட் ஏஆர்எம் போர்டாக இருக்கும். ஆறாவது வகைச் செயலி சேர்வதால் வரும் கூடுதல் வேலை, இலக்குப் பட்டியலில் ஒரு வரி, சோதனையில் ஒரு செயலிப் பெயர். ஏஆர்9331 ரவுட்டர் களத்திலிருந்து ஓய்வு பெற்றாலும் சோதனை மேசையில் இருக்கும்.